மூணாவது தடவை அடிச்சாத்தான்

'நல்லா இருக்கேன்.' கடல் தாண்டிப் போன பிள்ளை போனில் இந்த ஒரு சொல்லைச் சொன்னால், கேட்கிற தாய்க்கு அதற்கு விலை போடத் தெரியாது. மாமனாருக்குத் தெரியும். ஒரு மாத ரீசார்ஜ். 'ரொம்ப நல்லா இருக்கேன்' என்றால் மேற்கொண்டு ஒரு வாரம் கொசுறு.

நேற்று சாயங்காலத்துக்குள், அவர் கடல் தாண்டி அனுப்பிய இருபது பேரோடு அந்த விலை படிந்து, ரீசார்ஜும் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்குச் சரக்கு வந்து இறங்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் மாமனாரின் ஏஜென்சிக்கு அரசாங்க ஆணையம் தரம் போட வரும் நாள் இது. முதல் தரம் கிடைத்தால், கடலுக்கு அப்பால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கேட்டிருக்கும் ஐந்நூறு துப்புரவு ஆட்களின் ஆர்டர் வரும். இரண்டாம் தரம் என்றால் அது எதிர்வரிசை ஏஜென்சிக்காரனுக்கு. ஆர்டர் வந்துவிடும் என்ற தெம்பில் வீட்டுப் பத்திரம் முன்கூட்டியே வங்கிக்குக் குடிபோயிருந்தது. ஆகவே மாமனார் காலையிலிருந்து மூன்றாவது சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார்.

மருமகளுக்கு இருந்த கவலை வேறு. அதற்குப் பெயர் சைரன்.

சைரன் என்பது ஒரு சலவைக்கூடத்துப் பெண்ணின் பட்டப்பெயர். வரிசை வரிசையாக இயந்திரங்கள் இரைகிற கூடத்தில் ஒரு கோடியில் அவள் கூப்பிட்டால் மறுகோடியில் ஆள் திரும்பும். போன வாரம் அவள் போனில் சொன்ன சேதிக்கு அந்தக் குரல்கூடத் தேவைப்படவில்லை. அவளையும் சேர்த்து இந்த ஏஜென்சி அனுப்பிய ஆறு பெண்கள். ஆறு பாஸ்போர்ட்டும் முதலாளியின் இரும்புப் பெட்டியில். பகலெல்லாம் அவர் கூடத்தில் வேலை, பொழுது சாய்ந்தால் அவர் தம்பியின் கூடத்தில் வேலை. தம்பி கூடத்துக்குச் சம்பளம் கிடையாது. கேட்டால், "அண்ணன் தம்பிக்குள்ள என்ன கணக்கு" என்று பதில்.

மருமகள் இதை அன்றே மாமனாரிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த பேப்பரை மடிக்கவில்லை.

"அந்த முதலாளி நமக்குப் பதினஞ்சு வருஷத்துக் கிராக்கி. தரம் பார்க்கிற நேரத்துல அவரோட மல்லுக்கட்டச் சொல்றியா? அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லும்மா."

அவள் சைரனிடம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள்: "தரம் பார்க்கிற அன்னிக்குக் காலையில அடி. ஆணையத்து ஆளு காதால கேட்டு எழுதின புகாருக்குத்தான் தூதரகம் அசையும். நீ அடி, மத்ததை நான் பாத்துக்கறேன்."

"வேலைக்கு ஏறும்போது எங்க போனை எல்லாம் வாங்கி வெச்சுக்குவாங்கக்கா. ஏதாவது ஒண்ணு கையில கெடச்சா அடிக்கிறேன்" என்றாள் சைரன்.

அந்தக் 'கெடச்சா'வைத்தான் மருமகள் காலையிலிருந்து மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

*

ஏஜென்சி அலுவலகத்தில் இரண்டு போன்கள். முன்னறையில், மாமனாரின் மேஜை மேல், பளபளவென்று ஒரு கறுப்புப் போன். அது வெளிநாட்டு முதலாளிகளுக்கு. அது ஒருமுறை சிணுங்கி முடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது மணிக்குப் போனால் மாமனாருக்கு வியர்த்துவிடும்.

பின்னறையில், ஜெராக்ஸ் மெஷினுக்குக் கீழே, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு செல்போன். அது தொழிலாளர்களுக்கு. அதற்கு மாமனார் தனியாக ஒரு சட்டம் இயற்றியிருந்தார். மூன்றாவது தடவை அடித்தால்தான் எடுக்க வேண்டும்.

"முதல் தடவை அடிக்கிறவனுக்கு வீட்டு ஞாபகம். ரெண்டாவது தடவை அடிக்கிறவனுக்குப் பொழுது போகல. மூணாவது தடவையும் அடிச்சான்னா, சரி, ஏதோ இருக்கு" என்று புதிதாகச் சேரும் குமாஸ்தாக்களுக்கு அவரே வகுப்பெடுப்பார். பஸ் டிக்கெட் கிழித்துத் தொழிலை ஆரம்பித்தவர் என்பதால் ஊரில் அவருக்கு டிக்கெட்காரர் என்று பெயர். கூட்டம் பார்த்துப் பழகியவர். கத்துகிறவர்களில் யார் நிஜமாகவே இறங்க வேண்டியவர் என்று தனக்குத் தெரியும் என்று நம்பினார்.

மருமகளுக்கு இந்தச் சட்டம் அடுத்த முனையிலிருந்தும் தெரியும். அவளும் ஒரு காலத்தில் இதே ஏஜென்சி அனுப்பிய ஆள்தான். நாலு வருஷம் ஒரு ஹோட்டலில் மெத்தை விரித்தாள். ஒருநாள் முடியாமல் போய், இந்தப் போனுக்கு அடித்தாள். அன்று பின்னறையில் இருந்தவன் வீட்டின் இளைய மகன். சட்டம் மறந்துபோய் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். அப்பாவிடம் வசவு வாங்கினான். பிறகு அவளையே கட்டிக்கொண்டான். அவனுடைய வாழ்க்கையில் அவன் செய்த ஒரே அவசர காரியம் அது.

மாமனார் கல்யாணத்துக்கு முதலில் முறைத்தார். அப்புறம் அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். இப்போது முன்னறைச் சுவரில் அவள் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. கீழே: 'எங்கள் மூலம் சென்றவர். எங்கள் இல்லத்துக்கே மருமகளாக வந்தவர்.' இந்த மாதிரி விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. இவருக்கு ஒரு சாப்பாட்டுச் செலவோடு முடிந்தது.

*

ஆணையத்து அம்மாள் பத்தரை மணிக்கு வந்தார். நரைத்த கொண்டை, தேய்ந்த செருப்பு, தோள்பையில் சொந்தமாக ஒரு ஃபிளாஸ்க். மாமனார் வரவழைத்து வைத்திருந்த பலகாரத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் காப்பியைத் தானே ஊற்றிக்கொண்டார். தட்டு நகர்ந்த தூரத்தை மாமனார் கண்ணாலேயே அளந்தார்.

அலுவலகம், ஆவணங்கள், பயிற்சி அறை எல்லாம் மளமளவென்று முடிந்தன. "உங்க பேப்பர் எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார் அம்மாள். மாமனாரின் தோள் ஒரு விரற்கடை உயர்ந்தது.

"இப்ப உங்க ஆளுங்ககிட்ட பேசலாம். நம்பரைக் குடுங்க."

இருபது நம்பரும் தயாராக இருந்தன. மகன் முதல் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் எடுத்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார் அம்மாள்.

"மூணு வேளையும் சூடா, வயிறு நிறைய, மேடம்."

அம்மாள் பேனாவை நிறுத்தினார். "சரி. பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

"மாசம் பொறந்தா டாண்ணு பேங்குல விழுந்துடுது மேடம்."

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மாமனார் போன தடவைக் கேள்விகளை வைத்து, முதல் பதில் சாப்பாடு, இரண்டாவது சம்பளம், மூன்றாவது நேரம் என்று வரிசையாகத் தன் குரலிலேயே பதிவு செய்து இருபது பேருக்கும் அனுப்பியிருந்தார். அவர்களும் வாங்கிய ரீசார்ஜுக்கு வஞ்சனை இல்லாமல் மனப்பாடம் செய்திருந்தார்கள். ஆணையம் இந்தத் தடவை கேள்வியின் வரிசையை மாற்றிவிட்டது.

"உங்க ரூம்ல எத்தனை பேர் தங்கியிருக்கீங்க?"

"எட்டு மணி நேரம் மேடம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

"அப்ப மிச்ச நேரம் எங்க தூங்குவீங்க?"

கொசுறையாவது காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில்: "ரொம்ப நல்லா இருக்கேன் மேடம்."

அடுத்தவன் ஒரு டிரைவர். அவனும் வேலை நேரத்தைக் கேட்டால் மூணு வேளை சாப்பிட்டான். மூன்றாவதாக ஒரு சமையல்காரர், வயதானவர். கேள்வி கேட்குமுன்பே "மூணு வேளையும் சூடா" என்று தொடங்கிவிட்டார்.

"எல்லாரும் ஒரே வாத்தியார்கிட்டப் படிச்சிருக்காங்க" என்றார் அம்மாள்.

"லைன்ல கோளாறு மேடம்" என்றார் மாமனார், கண் இமைக்காமல். "கடல் தாண்டிப் போகணும் பாருங்க. கேள்வி கொஞ்சம் பிந்திப் போய்ச் சேருது."

"கேள்வி பிந்துது, சரி. பதில் மட்டும் எப்படிங்க முந்தி வருது?"

மாமனார் தோற்றுப்போகிற ஆள் இல்லை. கடையில் ஒரு துணி பிடிக்கவில்லை என்றால் அடுத்ததை விரித்துப் போடுகிற கை அது. சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். படத்துக்குக் கீழே நின்றிருந்த அசலையும் காட்டினார்.

"போன்ல பேசறதை விடுங்க மேடம். இதோ, நேர்ல கேளுங்க. நாங்க அனுப்பின பொண்ணு. நாலு வருஷம் இருந்துட்டு வந்தா. இப்ப எங்க வீட்டு மருமக. சொல்லும்மா. எப்படி இருந்தே?"

ஒரே ஒரு சொல் போதும். அதற்கான கட்டணம் கழுத்தில் சங்கிலியாகவும், தலைக்கு மேல் கூரையாகவும் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது என்பது அவர் பார்வையில் தெரிந்தது. மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையில் எதையோ தொலைத்தவன் மாதிரி தேடிக்கொண்டிருந்தான்.

"பாஸ்போர்ட் நாலு வருஷமும் மேனேஜர் டிராயர்ல இருந்துச்சு மேடம்" என்றாள் மருமகள். "கேட்டதுக்கு, பத்திரமா இருக்கட்டும்னாங்க. பத்திரமாத்தான் இருந்துச்சு. நான்தான் இல்ல."

"மருமகளே" என்றார் மாமனார், மெதுவாக.

"நேர்ல கேக்கச் சொன்னது நீங்கதானே மாமா. நேராத்தான் சொல்றேன்."

அவள் பின்னறைக்குப் போனாள். ஜெராக்ஸ் மெஷினுக்குக் கீழே குனிந்து, கண்ணாடி விரிசல் விட்ட போனை எடுத்து வந்து, பலகாரத் தட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வைத்தாள்.

"நீங்க யாருக்கும் அடிக்க வேண்டாம் மேடம். இது எங்க ஆளுங்க எங்களுக்கு அடிக்கிற போன். கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க. இதுல வர்றதைக் கேட்டுட்டு அப்புறம் தரம் போடுங்க."

அம்மாள் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஃபிளாஸ்க்கைத் திறந்து இன்னொரு காப்பி ஊற்றிக்கொண்டார்.

போன் சும்மா கிடந்தது.

மாமனார் ஆஸ்பத்திரி ஆர்டரைப் பற்றிப் பேசினார். நாட்டுக்கு வரும் அந்நியச் செலாவணியைப் பற்றிப் பேசினார். மின்விசிறி சுற்றியது. அம்மாளின் காப்பி தீர்ந்தது. மருமகள் அந்தக் கண்ணாடி விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'கெடச்சா' என்றிருந்தாள் சைரன். கிடைக்கவில்லை போலிருக்கிறது. இந்த வீட்டில் இன்று ராத்திரி தனக்கு என்ன இடம் என்பதைவிட, அந்தக் கூடத்தில் அவளுக்கு என்ன ஆனதோ என்பதுதான் பெரிதாக இருந்தது.

அம்மாள் ஃபைலை மூடினார். "சரி, நான் பாக்க வேண்டியதை..."

போன் அடித்தது.

மாமனாரின் கை தானாகவே போய் அதன் மேல் கவிந்தது. வாயும் தானாகவே சொன்னது: "அடிக்கட்டும் விடு. முதல் தடவைதானே."

இருபது வருஷப் பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் யார் எதிரில் சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. போன் அவர் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

"முதல் தடவைன்னா?" என்றார் அம்மாள்.

மாமனார் மறு கையால் பலகாரத் தட்டை அம்மாள் பக்கம் நகர்த்தினார்.

"மூணாவது தடவை அடிச்சாத்தான் எடுக்கணும் மேடம்" என்றாள் மருமகள். "இந்த ஆபீஸ் சட்டம். நாங்க அனுப்பி வெச்ச ஆளுங்களுக்கு மூணு. ஆள் கேக்கிற முதலாளிக்கு" என்று கறுப்புப் போனைக் காட்டினாள், "ஒண்ணு."

அம்மாள் மூடிய ஃபைலைத் திறந்தார்.

அப்போது மறுபடியும் அடித்தது. மாமனாரின் கை இன்னும் அங்கேயேதான் இருந்தது. அதுவரை தரையைத் தேடிக்கொண்டிருந்த மகன் எழுந்து வந்தான். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக, மரியாதையாக, சாதத்திலிருந்து கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல் ஒதுக்கிவிட்டுப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்க" என்றான்.

"யாரு? ரெண்டாவது தடவையே எடுத்துட்டீங்க?" என்றது சைரனின் குரல். அந்தக் குரலுக்கு அறை சிறிதாக இருந்தது. பின்னால் தொம் தொம்மென்று ஏதோ சத்தம்.

"நான்தான் கண்ணு" என்றாள் மருமகள். "ஆணையத்து மேடம் பக்கத்துல இருக்காங்க. பேசு."

"வணக்கம் மேடம். நேரம் கம்மி, வளவளன்னு பேச முடியாது. ஆறு பேரு இருக்கோம். மெஷினை எல்லாம் நிறுத்திட்டோம்."

"அது என்ன சத்தம்?" என்று கேட்டார் அம்மாள்.

"சூப்பர்வைசர் மேடம். இது அவரு போன்தான். சோப்பு ரூம்ல நாங்க உள்ள, அவரு வெளிய. கதவைத் தட்டிக்கிட்டிருக்காரு. தட்டட்டும். மூணு தடவை கூப்பிட்டா ஏதோ இருக்குன்னு எடுத்துக்குவோம்."

அம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவைத் திறந்தபோது உதடு ஒரு பக்கம் கோணியது. பாஸ்போர்ட், தம்பியின் கூடம், சம்பளம், எல்லாவற்றையும் கேட்டார். இந்தத் தடவை கேள்விக்கு ஏற்ற பதில் வந்தது. ஆறு பெண்களும் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். "அழாம சொல்லுடி, எழுத்துப்பிழை ஆயிடும்" என்று சைரன் அதட்டுவதும் கேட்டது.

"உங்களை ஊருக்கு அனுப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டார் அம்மாள்.

"அதை நீங்க சொல்ல வேண்டாம் மேடம், அவங்களும் சொல்ல வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கையில குடுக்கச் சொல்லுங்க. இருக்கறதா வர்றதான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்."

கதவுச் சத்தம் பெரிதாயிற்று. இணைப்பு அறுந்தது.

*

ஆணையத்து அம்மாள் மதிப்பெண்ணை ஒளித்துவைக்கவில்லை. எழுந்து நின்று, ஃபிளாஸ்க்கைப் பையில் போட்டபடியே சொன்னார்.

"அலுவலகம், ஆவணம், பயிற்சி எல்லாம் சேர்த்து அறுபத்தொண்ணு. முதல் தரத்துக்கு எண்பது வேணும். தொழிலாளர் குறை தீர்க்கிறதுன்னு ஒரு பகுதி இருக்கு, அதுக்கு முப்பது. அதை இப்ப நான் போடல. சைபர் போட்டிருப்பேன். இந்தத் தம்பி ரெண்டாவது தடவையில எடுத்ததுக்காகக் காலியா விடறேன்." மாமனாரைப் பார்த்தார். "தூதரகத்துக்கு நான் இன்னிக்கே எழுதறேன். அவங்க மெதுவாத்தான் வருவாங்க. நீங்க அனுப்பின ஆளுங்க, நீங்க முதல்ல போங்க. ஆறு பாஸ்போர்ட் ஆறு கையில இருக்குன்னு திங்கக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லேன்னா தரத்தைப் பத்திப் பேச்சில்ல, லைசென்ஸைப் பத்தித்தான் பேச்சு."

அவர் படியிறங்கிப் போகும் செருப்புச் சத்தம் ஓயும்வரை மாமனார் நாகரிகமாக இருந்தார்.

"எந்தத் தட்டுல சாப்பிட்டே நீ?" என்றார் பிறகு.

"உங்க தட்டுலதான் மாமா."

"ஐந்நூறு பேரு ஆர்டர். வீட்டுப் பத்திரம் பேங்குல இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும். அந்த ஆறு பேரும் அவங்கவங்க வீட்டுப் பத்திரத்தை வெச்சுத்தான் நமக்குப் பணம் கட்டிட்டுப் போனாங்க. அதுவும் தெரியும்."

மாமனார் பதிலுக்கு வாயைத் திறந்தார். கறுப்புப் போன் சிணுங்கியது. மின்னிய நம்பரைத் தூரத்திலிருந்தே மூவருக்கும் அடையாளம் தெரிந்தது. சலவைக்கூட முதலாளி.

மாமனார் பாய்ந்தார். மருமகளின் உள்ளங்கை அதற்கு முன்பே போன் மேல் இருந்தது.

"விடுங்க மாமா" என்றாள். "முதல் தடவைதானே."

அந்தக் கறுப்புப் போன் தன் ஆயுளில் முதல் முறையாக முழுசாக அடித்து ஓய்ந்தது. மாமனார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நெற்றி நிஜமாகவே வியர்த்திருந்தது.

"சரி" என்றார் கடைசியில். பேரம் முறிகிற இடத்தில் அவருக்கு எப்போதும் ஒரு நிதானம் வரும். "நாலு நாள்தான் இருக்கு. ஆறு பாஸ்போர்ட். அந்த ஆளு பெட்டியைத் திறந்து தானா குடுப்பானா? யாரு போய் வாங்கறது? நான் போக மாட்டேன். எனக்கு அவன் மூஞ்சியில முழிக்கணும் இன்னும்."

"நான் போறேன்."

"நீயா?"

"அந்த ஊரு எனக்குத் தெரியும், நான் நாலு வருஷம் இருந்த ஊருதானே. மேனேஜர் டிராயர் எப்படித் திறக்கும்னும் தெரியும். டிக்கெட் மட்டும் போடுங்க. டிக்கெட்காரர் வீட்டுல டிக்கெட்டுக்கா பஞ்சம்?"

மாமனார் மகனைப் பார்த்தார். "கேட்டியா உன் பொண்டாட்டி பேச்சை? நீயே சொல்லு. சொல்லி நிறுத்து."

மகன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவனிடமிருந்து இன்றைய தினத்துக்கு இன்னொரு அவசர காரியத்தை மருமகள் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டு டிக்கெட்டாப் போடுங்கப்பா" என்றான்.

மாமனார் பலகாரத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். கறுப்புப் போன் இரண்டாவது தடவையாக அடிக்கத் தொடங்கியது. இந்தத் தடவை அவர் கையை நீட்டவில்லை. முன்னறைச் சுவரில், அவள் படத்துக்குப் பக்கத்தில், அன்றன்றைக்கு எத்தனை பேர் விமானம் ஏறுகிறார்கள் என்று எழுதும் பலகை தொங்கியது. 'புறப்பாடு' என்று ஒரே ஒரு கட்டம். இத்தனை வருஷத்தில் அந்தப் பலகைக்கு இன்னொரு கட்டம் தேவைப்பட்டதே இல்லை.

மருமகள் சாக்பீஸை எடுத்தாள். புறப்பாட்டுக்குக் கீழே இரண்டு என்று எழுதினாள். பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, 'பாஸ்போர்ட்' என்று தலைப்பிட்ட புதுக் கட்டத்தில், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள்.

வர வேண்டியது: 6.

வந்தது: 0.

பாக்கி: 6.